இரண்டு கடிதங்களும் ஒரு மஞ்சப்பையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு "கல்லூரியும் நானும்". அதற்காக நாலு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தேன். காலையில் ஒத்தக்கடை முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, யானைமலையை ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தால், பெயர்ப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த இறுதியாண்டு மாணவி ஒருவர், "சார், நீங்க டெல்லியில எம்.எஸ்சி. படிச்சவங்கதானே? கவுன்சலிங்கில பூசாவை முதல்ல போடறதா, பந்த்நகரை முதல்ல போடறதா?" என்று கேட்டார். என் பையில் இருந்த நாலு பக்கமும் அப்போதே வீணாகிவிட்டது. 1983 ஜூலையில் நானும் இதே கேள்வியோடுதான் திரிந்தேன். ஆகவே அதைப் பற்றியே பேசிவிடுகிறேன். தலைவர் மன்னிக்க வேண்டும்.

அன்று கவுன்சலிங் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. தனித்தனியாகப் பரீட்சை எழுதினோம், தனித்தனியாகப் பதிவுத் தபால் வந்தது. எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள். ஒன்று டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இன்னொன்று பந்த்நகர் பல்கலைக்கழகம். இரண்டிலும் பயிர் இனப்பெருக்கம். சேர்வதற்குப் பத்து நாள் தவணை. எங்களுக்கு மேலூர் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் ஒரு போகம் விளைகிற கொஞ்சம் நிலம், அவ்வளவுதான். அப்பா இரண்டு கிடாயை விற்றுப் பணத்தைக் கையில் கொடுத்தார். "ரெண்டையும் பாத்துட்டு ஒண்ணுல சேரு. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. அங்க வாத்தியாருக சேத்துல எறங்குவாகளா?" என்றார். எங்கள் வீட்டில் நடந்த கல்வி ஆலோசனை அவ்வளவுதான்.

இரண்டு இடத்தையும் நான் ஏற்கனவே பார்த்தவன்தான். ஆல் இந்தியா டூரில் எங்கள் செட்டே போயிருந்தோம். பிப்ரவரி மாதம். டெல்லியில் கோதுமை முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. பந்த்நகரில் விடியற்காலையில் வடக்கே இமயமலை அடிவாரம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு இடத்திலும் யாரோ ஒரு அதிகாரி வரவேற்றார், பிஸ்கட் கொடுத்தார், வயலைச் சுற்றிக் காட்டினார், குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது இரண்டுமே சொர்க்கமாகத் தெரிந்தது. டூரில் பார்ப்பது எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிற பெண் மாதிரி. பட்டுச்சேலை கட்டித்தான் காட்டுவார்கள்.

தம்பிகளுக்காக இரண்டின் பூர்வீகத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அது தெரியாமல் போனதுதான் நான் செய்த முதல் தப்பு.

பூசா என்பது பீகாரில் உள்ள ஊர். 1905இல் ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில் அங்கேதான் அந்த நிறுவனம் தொடங்கியது. 1934இல் பீகார் பூகம்பத்தில் கட்டடம் பாழானதால் 1936இல் டெல்லிக்கு மாறியது. பழைய ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. பிறந்தது ஆராய்ச்சிக்காக. பல்கலைக்கழகத் தகுதி 1958இல்தான் கிடைத்தது. பந்த்நகர் அப்படியில்லை. 1960 நவம்பரில் நேரு திறந்து வைத்த, நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் கொடுத்து உண்டாக்கிய கல்லூரிகளின் மாதிரியில், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு வந்தது. பாடம், ஆராய்ச்சி, விவசாயிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே. காடும் சதுப்புமாக, மலேரியாவுக்குப் பேர் போன தராய்ப் பகுதியில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பண்ணை. 1971இல் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வந்ததும் இந்த மாதிரியில்தான். 1965லேயே தொடங்கிவிட்ட நம் ஒத்தக்கடைக் கல்லூரி அதன் கீழ் போனது.

ஆக ஒன்று ஆராய்ச்சி நிலையமாகப் பிறந்து படிப்பைச் சேர்த்துக்கொண்டது, மற்றது பண்ணையாகவும் பள்ளிக்கூடமாகவும் சேர்ந்தே பிறந்தது. இது எனக்குப் புரிய எட்டு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

மீட்டர் கேஜ் பாண்டியனில் மெட்ராஸ், அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி. கையில் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கடிதமும் சான்றிதழும் வைத்த ஒரு மஞ்சப்பை. டெல்லியில் ஜூலை வெயில். பிப்ரவரியில் பச்சையாக நின்ற வயல் இப்போது உழுது கிடந்தது. ஒரு மூலையில் நெல் நடவு. தலைமுடி நரைத்த விஞ்ஞானி ஒருவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, கையில் நோட்டோடு, எந்த வரிசையில் எந்த நாற்று என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டு சேற்றிலேயே நின்றார். அப்பா கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது! கோயம்புத்தூரில் படித்துவிட்டு அங்கே வந்திருந்த ஒரு அண்ணன் தன் அறையில் தரையில் படுக்க இடம் கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு லேப் பக்கம் கூட்டிப் போனார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "இங்க உன்னைப் படின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. லைப்ரரி இருக்கு, வயல் இருக்கு, மிச்சம் உன் பாடு. ஆனா விவசாயியப் பாக்கணும்னா பஸ் ஏறணும்" என்றார். மறுநாள் கரோல்பாக்கில் இட்லி வாங்கிக் கொடுத்தார். அந்த இட்லியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பந்த்நகர். பஸ்ஸில் மொராதாபாத், ராம்பூர், ருத்ரபூர் வழியாகப் போனேன். வழியெல்லாம் மழை. மலையும் இல்லை, ஒன்றும் இல்லை, வானம் முழுக்கச் சாம்பல். ஹாஸ்டல் மெஸ்ஸில் ரொட்டியும் பருப்பும். எனக்கு ஹிந்தி அறவே தெரியாது. யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. இங்கும் ஆசிரியர் ஒருவர் டிராக்டரை நிறுத்தி இறங்கி, மாணவர்களோடு வாய்க்கால் உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தார். இங்கேயும் அப்பா கேள்விக்கு 'ஆமாம்'தான் பதில். கேள்வி நல்ல கேள்வி, ஆனால் முடிவு சொல்ல உதவவில்லை.

ஒரு மாணவர் பாதி இங்கிலீஷில் பேசி விதை சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போனார். 1969இல் தொடங்கிய தராய் வளர்ச்சிக் கழகத்தின் மூலம், அந்தப் பக்கத்து விவசாயிகளே விதை விளைத்துக் கொடுக்க, பந்த்நகர் விதை என்றால் வட இந்தியாவே நம்பி வாங்கிய காலம் அது. உள்ளே கோதுமை விதை சலித்து ஓடியது. ஈரப்பதம் பார்க்கிற கருவி, மூட்டை அடுக்குகிற விதம், முளைப்புத்திறன் பார்க்கிற தட்டு எல்லாவற்றையும் அந்தப் பையன் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. எனக்குப் பசி வேறு. பார்த்தேன், தலையாட்டினேன், வந்துவிட்டேன்.

டெல்லியில் சேர்ந்தேன். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் லைப்ரரி, விஞ்ஞானிகள், நாட்டிலேயே பெரிய இடம் என்று காரணம் அடுக்கினேன். உண்மைக் காரணம் கரோல்பாக் இட்லியும், தமிழ் பேசுகிற ஒரு அண்ணனும்தான். நாற்பது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் மேடையில் ஒத்துக்கொள்கிறேன்.

டெல்லி எனக்குக் குறை வைக்கவில்லை. படிக்கக் கற்றுக் கொடுத்தது, கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தது. ஆனால் வேலை எனக்கு அமைந்தது நெல் விதை உற்பத்தியில். 1991இல் மழைக்கால அறுவடையில் வாங்கிய ஒன்பது டன் விதையை, சரியாகக் காயவைக்காமல் மூட்டை கட்டி அடுக்க நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, முளைப்பு 80க்குக் குறையக் கூடாது என்பது புத்தகத்தில் எனக்கு மனப்பாடம். கிடங்கில் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து முளைப்பு 60கூட வரவில்லை. அத்தனையும் அரிசி மில்லுக்குப் போனது. விதையை நம்பி முன்பணம் கட்டியிருந்த விவசாயிகள் முகத்தை அந்த வருஷம் என்னால் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் அந்த இரைச்சலும், கையை ஆட்டி விளக்கிய அந்தப் பையனும் ஞாபகம் வந்தார்கள். எனக்கு வராததை அங்கே ஒரு மாணவன் சும்மாவே சொல்லிக் கொடுத்தான், நான் பசி என்று வெளியே வந்துவிட்டேன்.

பந்த்நகர் போயிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அங்கே போயிருந்தால் வேறு எதையாவது கோட்டை விட்டிருப்பேன். நம் கோயம்புத்தூர்க் கல்லூரியில் படித்துப் பூசாவுக்குப் போன எம்.எஸ். சுவாமிநாதன், 1948இல் ஐ.பி.எஸ்.ஸுக்கும் தேர்வானார், யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. போலீஸை விட்டுவிட்டு நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு மரபியல் படிக்கப் போனார். அந்த ஊரைப் போய்ப் பார்த்துவிட்டா முடிவு செய்தார்? தனக்கு என்ன வேலை வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரைப் பார்த்தேன், மெஸ்ஸைப் பார்த்தேன், என் கையில் எது குறை என்று பார்க்கவில்லை.

காலையில் கேட்ட தங்கச்சியிடம் ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன், "உனக்கு எது வராதும்மா?" என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "லேப் வேலை வரும் சார். ஆளுங்களோட பேசி வயல்ல வேலை வாங்க வராது" என்றார். அது எந்த ஊரில் கிடைக்கும் என்று அவரே விசாரித்துக்கொள்ளட்டும். நான் பார்த்தது 1983 பந்த்நகர். அப்போது உத்தரப் பிரதேசம், இப்போது உத்தராகண்ட். என் பேச்சை வைத்து இன்றைக்கு வரிசை போட முடியாது. போய்ப் பார்க்கப் போகிறாராம். நல்லது. டூர்க் கூட்டத்தோடு வேண்டாம், தனியாகவோ வீட்டாரோடோ போகட்டும். ராத்திரி ஹாஸ்டலில் இரண்டாம் வருஷப் பெண்களிடம், நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பசியோடு எதையும் பார்க்க வேண்டாம்.

மதுரையிலிருந்து இப்போது டெல்லிக்கு நேராகவே சம்பர்க் கிராந்தி இருக்கிறது, மெட்ராஸில் இறங்கி மாறி ஏற வேண்டியதில்லை. ஜூலையில் போவதாக இருந்தால் தராயில் மழை பிடித்துக்கொள்ளும். குடை எடுத்துட்டுப் போம்மா.