வெளிநாட்டுத் தொண்டும் மருத்துவக் கல்லூரி விண்ணப்பமும்

(ஜமாஅத் கல்வி வழிகாட்டும் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மருத்துவன் அல்லன். அரபு நாடொன்றின் மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நீண்டகாலம் பணியாற்றித் திரும்பியவன். அந்த அனுபவத்தை நம்பித்தான் நம் வானகரத்துச் சகோதரி ஒருவர் சென்ற ஆண்டு வண்ணத் துண்டுப் பிரசுரமொன்றை என்னிடம் கொண்டுவந்தார். அயல்நாட்டு மருத்துவமனையில் மூன்று வாரத் தொண்டு, ஊசி போடலாம், தையல் இடலாம், சான்றிதழ் உண்டு, மருத்துவக் கல்லூரியில் இடம் எளிது என்று அதில் அச்சிட்டிருந்தது. கட்டணத்திற்காகத் தம் வளையல்களை அடகு வைக்கத் துணிந்திருந்தார்.

"பாய், இதனால் என் மகனுக்கு இடம் கிடைக்குமா?" என்றார்.

"எந்த நாட்டுக் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இங்கேதான், தமிழ்நாட்டில்தான்."

அப்படியாயின் அச்சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். இடம் நீட் தேர்வின் 720 மதிப்பெண்களையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. தொண்டு பற்றி எழுத விண்ணப்பத்தில் இடமே கிடையாது. வேறுவழியைக் கையாண்ட கல்லூரியும் நம் மாநிலத்தில் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி எழுத்துத் தேர்வோடு நேர்காணலும் நடத்தி, மாணவரின் சேவை மனப்பான்மையை நெடுங்காலம் சோதித்து வந்தது. நீட் கட்டாயமான 2017இல் நூறு இடங்களுக்கு ஒரே ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டு, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருந்தது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பளித்தது.

அயல்நாட்டில் படிக்க விரும்புவோருக்கு நிலைமை வேறு. இங்கிலாந்தில் மருத்துவப் படிப்புக்கு அக்டோபர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2026 சேர்க்கை முதல் தன்விளக்கக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. வகுப்பறைக்கு வெளியே உங்களைத் தயார்படுத்திக்கொள்ள என்ன செய்தீர்கள், அது எவ்வாறு பயன்பட்டது என்பது மூன்றாவது கேள்வி. அமெரிக்காவின் பொது விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதி, அவற்றுள் மிக முக்கியமான மூன்றைக் குறிக்கலாம். ஆகவே அங்கே தொண்டுக்கு மதிப்புண்டு.

ஆனால் எத்தகைய தொண்டுக்கு? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011இல் வெளியிட்ட நெறிமுறை, பயிற்சி பெறாத மாணவர் அயல்நாட்டு நோயாளிகளுக்கு ஊசி, தையல் முதலியவற்றைச் செய்யலாகாது என எச்சரிக்கிறது. அவ்வாறு செய்ததாக எழுதுவது விண்ணப்பத்துக்கே கேடாக முடியலாம். இதன் நியாயத்தை நான் அனுபவத்தில் அறிவேன். ஒரு நரம்பில் ஊசி ஏற்ற எனக்கு அனுமதி கிடைப்பதற்கு முன், பல மாதங்கள் மூத்தவர் அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொந்த நாட்டில் செய்ய உரிமையில்லாத ஒன்றை, ஏழை நாட்டவர் உடலில் மட்டும் செய்து பார்க்க நமக்கு என்ன உரிமை?

நல்ல முன்மாதிரி அண்டை மாநிலத்திலேயே உள்ளது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் பரவி, அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கியது. மருந்தை மருத்துவரும் செவிலியரும் கவனிக்கின்றனர். தொண்டர்களோ பயிற்சி பெற்று, தீரா நோயாளியின் வீட்டுக்குச் சென்று, அருகில் அமர்ந்து, அவர் குறைகளைக் கேட்கின்றனர்.

ஷார்ஜாவில் வளரும் நம் மஹல்லாவின் பேத்தி ஒருத்தி, இங்கிலாந்துக்கு அனுப்பவிருந்த விண்ணப்பத்தை எனக்குக் காட்டினாள். சுற்றுலாபோல் அமைந்த ஒரு வாரத் தொண்டுப் பயணமே அதில் நிறைந்திருந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வானகரம் வந்து, பக்கவாதத்தில் படுத்திருந்த பாட்டியாருக்கு உணவூட்டி, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தது பற்றி ஒரு வரியும் இல்லை.

"இதை ஏனம்மா எழுதவில்லை?" என்றேன்.

"அது வீட்டு வேலைதானே தாத்தா?" என்றாள்.

அன்று முழுவதையும் மாற்றி எழுதினாள். முடிவு இறைவன் நாட்டப்படி, எழுதியது உண்மை.

எனவே, சென்று வந்த மாணவர்கள் எழுதும்போது நாள், நேரம், மேற்பார்வையாளர் ஆகியவற்றைச் சரியாகக் குறிப்பிடுங்கள். செய்தது எது, பார்த்தது எது எனப் பிரித்துக் கூறுங்கள். நோயாளியின் பெயரையோ படத்தையோ வெளியிடாதீர்கள். நாட்டின் வறுமையை வருணிப்பதைவிட, நீங்கள் எதைக் கற்றீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அயல்நாட்டில் மருத்துவம் படித்து இங்குப் பணியாற்ற விரும்பினாலும் நீட் தேர்ச்சி தேவை. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்புக்காலம் 54 மாதங்களுக்குக் குறையக்கூடாது. முகவரிடம் பணம் கட்டுமுன் இவற்றை விசாரியுங்கள்.

அச்சகோதரியின் வளையல்கள் அடகுக்குப் போகவில்லை. அவர் மகன் மீண்டும் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். நம் தெருக்களில் படுக்கையில் கிடக்கும் முதியோர் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவரையேனும் வாரம் ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள். விண்ணப்பத்தில் அதற்கு இடம் இருப்பினும் இல்லாவிடினும், நாளை நோயாளியின் அருகில் நிற்கும்போது அது உங்களுக்குக் கைகொடுக்கும்.