கூலி தர்மமல்ல, கணக்கு

(கம்பத்தில் வியாபாரிகளும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



முதலாளி தொழிலாளி விஷயமாகப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் நாம் வாய் திறப்பதற்கு முன்னமே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. கடைக்காரர்களும் தோட்டக்காரர்களும் முன்னால் நாற்காலியில். மலைக்குப் போய்வந்த பெண்மக்கள் பின்னால் தரையில். மீதிப் பாதியைத்தான் நாம் சொல்லவேண்டியிருக்கின்றது.

நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. எட்டாம் வகுப்போடு நின்று, அச்சுக்கோக்கப் போய், கோத்த எழுத்துகளைப் படித்தே நாலு விஷயம் தெரிந்துகொண்டவர்கள். ஆகையால் நாம் சொல்வதை அப்படியே நம்பவேண்டியதில்லை. உங்கள் புத்தியைக்கொண்டு பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாளித் தோழர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "தீபாவளிக்குச் சேலை கொடுக்கிறோம், கலியாணத்துக்கு முன்பணம் கொடுக்கிறோம், எங்கள் ஆட்களை எங்கள் பிள்ளைகளைப்போல வைத்திருக்கிறோம்" என்கிறார்கள். சரி; பிள்ளை என்றால் சொத்தில் பாகம் உண்டே, அதைக் கொடுப்பீர்களா? பாகம் வேண்டாம், கூலியையாவது சரியாகக் கொடுத்தால் போதாதா? சேலை உங்கள் இஷ்டம். இஷ்டமில்லாத வருஷத்தில் நிறுத்திவிடலாம். கூலி அப்படிப்பட்டதல்ல. சேலை வாங்கினவள் கும்பிடவேண்டும். கூலி வாங்கினவள் எண்ணிப் பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் கும்பிடு வேண்டுமென்றுதானே சிலர் கூலியைக் குறைத்துச் சேலையைக் கொடுக்கிறார்கள்?

நம் பள்ளத்தாக்கின் சங்கதியையே பார்ப்போம். விடிவதற்கு முன்னால் கூடலூர், கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து ஜீப்புகள் புறப்பட்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. ஆள் அதிகம் ஏற்றிய ஜீப் கவிழ்ந்து பெண்கள் மாண்ட செய்தி நமக்குப் புதிதல்ல. மலை ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தப் பெண்ணின் ஆயுளில் சேர்ந்ததா, இல்லையா? சேர்ந்ததென்றால் கூலி பேசும்போது மட்டும் அதை ஏன் மறந்துவிடுகிறோம்?

2018-ல் மலையில் வெள்ளம் வந்தது. அடுத்த கோடையில் வறட்சி வந்தது. காய் குறைந்தது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஒரு கிலோ ஏலத்தில் 7000 ரூபாய் வரைக்கும் போயிற்று. அதற்கு முந்திய வருஷம் ஆயிரத்துச் சில்லறைக்கு விற்ற காய் அது. காய் பறித்தவளின் கூலியும் அந்த அளவில் ஏறிற்றா? "விலை நிலையில்லாதது, 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே இறங்கவில்லையா?" என்று கேட்பீர்கள். இறங்கியது வாஸ்தவம். ஆனால் விலை ஏறும்போது லாபத்தில் பங்கில்லாதவனுக்கு, விலை இறங்கும்போது மட்டும் நஷ்டத்தில் பங்கு கொடுப்பது எந்த நியாயம்?

நஷ்டகாலத்தில் கூலி கொடுத்தால் தொழில் அழிந்துவிடுமென்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. தேனியில் பஞ்சாலை பார்த்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னுமிடத்தில் ராபர்ட் ஓவன் என்பவர் பஞ்சாலை நடத்தினார். அமெரிக்கப் பஞ்சு வராமல் ஆலை நான்கு மாதம் நின்றபோதும் அவர் தொழிலாளிகளுக்கு முழுக்கூலி கொடுத்தார். அதனால் அவர் ஓட்டாண்டியாகிவிடவில்லை. ஆலை பிறகும் லாபத்தோடுதான் நடந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? போடிமெட்டு ஏறினால் மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், வேலையை நிறுத்திச் சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று அவர்கள் நாட்கூலி 232 ரூபாய். சங்கத் தலைவர்கள் வந்தபோது, "விலகிப் போங்கள், எங்களுக்காக நாங்களே பேசுகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். கேட்டபடி 20 சதவிகிதம் போனஸ் கிடைத்தது. பின்னர் கூலியும் 301 ரூபாயாயிற்று. இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கம்பெனி 2005-ல் தொழிலாளர்களையே பெரும்பான்மைப் பங்குதாரர்களாக வைத்து ஏற்பட்டது. பங்குப் பத்திரம் இருந்தும் சாலையில் உட்காரவேண்டியிருந்ததென்றால், பெயரளவுப் பாத்தியதை வேறு, கூலியை முடிவு செய்யும் இடத்தில் வாய் திறக்கும் உரிமை வேறு என்பது விளங்கவில்லையா?

இதெல்லாம் பிறருக்குச் சொல்லும் புத்தி. நம் யோக்கியதை என்ன? அதையும் சொல்லிவிடவேண்டும். நம்முடைய சிறிய அச்சுக்கூடத்தில் தாள் மடித்துப் பைண்டு செய்ய ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். வேலை ஒன்றே. ஆனால் நான்கு வருஷ காலம் அவனுக்கு 600 ரூபாயும் அவளுக்கு 400 ரூபாயும் கொடுத்துவந்தோம். ஒரு சனிக்கிழமை, "ஆணும் பெண்ணும் சமம்" என்று நாமே எழுதி அடித்த நோட்டீஸை அந்த அம்மாள் எண்ணிக் கட்டுக்கட்டிவிட்டு, ஒன்றை எடுத்து நாம் கொடுத்த கூலியோடு சேர்த்து வைத்து, "அண்ணே, இது ஊருக்கு மட்டுந்தானா, நம்ம கடைக்கும் உண்டா?" என்றது.

"ஊர்வழக்கம்" என்ற வார்த்தை நம் வாய்வரை வந்தது. ஊர்வழக்கம் என்கிற பேச்சைத்தானே நாம் இருபது வருஷமாக மேடைகளில் கண்டித்து வருகிறோம்! அந்த அம்மாள் கேட்டது புது நியாயமுமல்ல. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. 2019-ல் இயற்றிய கூலிச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கின்றது. சட்டம் தெரிந்திருந்தும் நாம் திருடினோம் என்பதுதான் உண்மை.

மறுவாரம் முதல் இருவருக்கும் 600. அதற்காக அச்சுக்கூலியைச் சிறிது ஏற்றினோம். சிலர் வேறு அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களில் நம்மோடு மேடையில் உட்காருகிறவர்களும் உண்டு. பழைய பாக்கியைக் கணக்குப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வருகின்றது. மாதாமாதம் கொடுத்துவருகிறோம்; இன்னும் தீரவில்லை. இதைத் தர்மமென்று எவரும் புகழவேண்டாம். அது கடன்.

ஆகவே முதலாளித் தோழர்களே! ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். கூலி நாளைத் தவறவிடாதீர்கள். முன்பணம் கொடுத்தால் கணக்கை இரண்டு பிரதி எழுதி ஒன்றை அவர்கள் கையில் கொடுங்கள். விலை ஏறினால் எவ்வளவு கூட்டுவது என்பதை ஏறுவதற்கு முன்னமே பேசிக்கொள்ளுங்கள். ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாமோ அத்தனை பேரையே ஏற்றுங்கள்.

பின்னால் இருக்கும் தாய்மார்களே! குறைந்த கூலி உங்கள் தலையெழுத்து என்று எவராவது சொன்னால், எந்த நோட்டில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். அது முதலாளியின் சம்பள நோட்டில்தான் எழுதியிருக்கிறது. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம்.

வருகிற சனிக்கிழமை கடைக்காரர்கள் அந்த நோட்டைத் திறந்து, ஒரே வேலை செய்யும் இரண்டு பேருக்கு நேரே உள்ள தொகைகளைப் பாருங்கள். நமக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. கூலியை வாங்கிக்கொண்டு எதிரில் நிற்கிறவர்கள் கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.