மேடையும் அளவுகோலும்



இன்றைய பொழிவின் பொருள் 1960களின் அமெரிக்க அழகுராணிப் போட்டி என்று அறிந்ததும், மொழி மன்றத்தின் மேடையில் அதற்கு என்ன இடம் என்று சிலர் வியந்திருக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. ஆயினும், பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, கவிதை ஒப்புவித்தல் போட்டி என்று ஆண்டுதோறும் மாணவரை மேடையேற்றி, அவர்தம் திறனுக்குப் புள்ளி இடுபவர்கள் நாம். திறனை அளக்கும் அளவுகோலை யார் எழுதுகிறார்? அதனால் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுபவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் அந்தப் போட்டியின் வரலாற்றில் நமக்குரிய பாடம் இருக்கிறது.

நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள அட்லாண்டிக் சிட்டி ஒரு கடற்கரை நகரம். கோடை முடிந்ததும் அங்கு வரும் கூட்டம் கலைந்துவிடும். அக்கூட்டத்தை மேலும் சில நாள் நிறுத்திவைக்க விரும்பிய உள்ளூர் வணிகர்கள் 1921ஆம் ஆண்டு இப்போட்டியைத் தொடங்கினர். முதலில் நீச்சலுடை அழகே அதன் மையம். அதனால் பழிச்சொற்களும் எழுந்தன. 1935இல் பொறுப்பேற்க வந்த லெனோரா ஸ்லாட்டர் என்னும் அம்மையார், போட்டிக்கு மதிப்பைத் தேடித்தர எண்ணித் திறன் போட்டியை அதில் சேர்த்தார். 1938 முதல் அது கட்டாயமாயிற்று. 1945இல் வெற்றியாளருக்குக் கல்வி உதவிநிதியும் வழங்கப்பெற்றது.

அவ்வுதவிநிதி 5,000 டாலர். அதை முதலில் பெற்றவர் பெஸ் மையர்சன் என்னும் யூதப் பெண். நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் எளிய குடியேறிகளின் மகளாக வளர்ந்து, இசை பயின்றவர் அவர். மேடையில் பியானோவும் குழலும் வாசித்தார். போட்டிக்கு முன்னர், யூத அடையாளம் தோன்றாதபடி பெயரை மாற்றிக்கொள்ளுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் உடன்படவில்லை. தம் பெயரோடே முடிசூடினார். பிற்காலத்தில், 1960களின் தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் இதே போட்டியின் வருணனையாளராகவும் விளங்கினார்.

1954இல் தொலைக்காட்சிக்கு வந்த இப்போட்டி, 1960களில் அமெரிக்கக் குடும்பங்கள் கூடி அமர்ந்து காணும் நிகழ்ச்சியாக வளர்ந்திருந்தது. அப்பத்தாண்டின் திறன் மேடையை நோக்கினால் சுவையான காட்சிகள் பல தென்படுகின்றன. 1965ஆம் ஆண்டுக்குரிய முடியைச் சூடிய வோண்டா கே வான் டைக், கையிலொரு பொம்மையை வைத்துக்கொண்டு, உதடசையாமல் குரல் கொடுத்து அதனோடு உரையாடினார். 1967ஆம் ஆண்டுக்குரிய ஜேன் ஜெய்ரோ இசைக்குழுவின் முன் நின்று அதனை இயக்கினார். 1969ஆம் ஆண்டுக்குரிய ஜூடித் போர்டு டிராம்போலின் மீது துள்ளிச் சுழன்றார். இவற்றை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. பல்லாண்டுப் பயிற்சியைச் சில நிமிடங்களுக்குள் அடக்கி, ஒரு நாட்டின் கண்முன் செய்து காட்டுவது எளிதன்று. உயர்கல்விக்குப் பணமில்லாத பெண்கள் பலருக்கு அம்மேடை ஒரு வழியாகவும் இருந்தது.

ஆனால், அவ்வழி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. போட்டியாளர் நல்ல உடல்நலத்தோடு வெள்ளை இனத்தவராகவும் இருத்தல் வேண்டும் என்று, ஏழாம் விதி எனப் பெயர்பெற்ற ஒரு விதி வெளிப்படையாகவே கூறியது. 1950இல் அது நீக்கப்பட்டது. எனினும் கறுப்பினப் பெண்ணொருவர் தேசியப் போட்டியின் மேடையை மிதிக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1970இல் ஐயோவா மாநிலத்தின் சார்பில் வந்த செரில் பிரௌன் என்பவரே அவர். இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர்தோறும் மாநிலந்தோறும் நடந்த தேர்வுகளைக் கடந்தவரே தேசிய மேடைக்கு வர இயலும். எழுதிய விதி தாளிலிருந்து அகன்றது. எழுதாத விதி நடுவர்களின் கண்ணில் தங்கிவிட்டது.

1968ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், ஒரே நகரில் மூன்று மேடைகள் அமைந்தன. முதலாவது, மாநாட்டு மண்டபத்துள் நடந்த அழகுராணிப் போட்டி. இரண்டாவது, மண்டபத்திற்கு வெளியே, கடலோரப் பலகைநடைபாதையில் பெண்ணுரிமையாளர்கள் நடத்திய மறுப்புப் போராட்டம். மூன்றாவது, அருகிலிருந்த விடுதியொன்றில் அன்றிரவு நடந்த கறுப்பின அமெரிக்க அழகுராணிப் போட்டி. அதை அமைத்தவர் மோரிஸ் ஆண்டர்சன் என்னும் வணிகர். தம் பெண்மக்கள் அமெரிக்க அழகுராணியாக விரும்பியதைக் கேட்டு, அவ்விருப்பம் நிறைவேறும் வாயில் அந்நாட்டில் இல்லை என்பதை உணர்ந்து, அதைத் தாமே உண்டாக்க முனைந்தவர் அவர். அங்கு முடிசூடிய பிலடெல்பியா மாணவி சாண்ட்ரா வில்லியம்ஸ், திறன் சுற்றில் ஆப்பிரிக்க நடனமொன்றை ஆடினார். பெரிய மண்டபத்துக்குள் ஒலித்த பியானோவும் திறனே, விடுதியில் ஆடிய நடனமும் திறனே. முன்னதை நாடு முழுவதும் கண்டது.

வெளியே நின்ற பெண்களின் மறுப்பு வேறு வகையானது. போட்டியில் இனப் பாகுபாடு இருப்பதை அவர்களும் கண்டித்தனர். அதனினும் மேலாக, பெண்ணின் திறனைப் பாராட்டும் அதே மேடை அவளைச் சந்தைப் பொருளாகவும் நிறுத்துகிறது என்றனர். ஓர் ஆட்டுக்கு முடிசூட்டி அதனை உணர்த்தினர்.

இக்குற்றச்சாட்டு தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவுகூர்வோம். ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்ற மாதவி, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெறுகிறாள். கலைக்குக் கிடைத்த உயர்ந்த மதிப்பு அது. அடுத்து நிகழ்வது என்ன? அவள் பெற்ற மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னுக்கு விலை கூறப்பட்டுத் தெருவுக்கு வருகிறது. அம்மாலையை வாங்குபவனுக்கு மாதவி உரியவள். அதனை வாங்குகிறான் கோவலன். பட்டமும் விலையும் அடுத்தடுத்து வருவதை இளங்கோவடிகள் காட்டிச் செல்கிறார். அவ்வடுக்கே நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அப்போராட்டத்தைப் பற்றிய மற்றொரு செய்தி, மொழிப் பணியாளராகிய நமக்கு முதன்மையானது. அன்று பெண்கள் மார்க்கச்சுகளை எரித்தனர் என்பது உலகெங்கும் பரவிய கதை. உண்மையில் அன்று எதுவும் எரிக்கப்படவில்லை. நடைபாதை மரத்தாலானது, தீ மூட்ட இசைவு கிடைக்கவில்லை. குதியுயர்ந்த காலணி, தரை துடைப்பான், மார்க்கச்சு போன்றவற்றை ஒரு குப்பைத் தொட்டியில் எறிந்தனர், அவ்வளவே. வியட்நாம் போருக்கு எதிராக இளைஞர்கள் படைச்சேர்ப்பு அட்டைகளை எரித்துவந்த காலம் அது. அதனோடு ஒப்பிட்டு ஒரு செய்தித்தாள் எழுதியது. அந்த ஒப்புமை உண்மையை விழுங்கிவிட்டது. அவர்கள் எழுப்பிய வினாக்களை மறந்தோர் பலர், அந்த ஒரு தொடரை மறந்தோர் இலர்.

இனி நம் மேடைக்கு வருவோம். நம் போட்டிகளில் இனம் கூறும் விதி எதுவுமில்லை. ஆனால் எழுதாத விதிகள் உள்ளன. நடுவராக அமர்ந்த காலத்தில் நாம் இழைத்த பிழையொன்றை இங்கு ஒப்புக்கொள்ளல் வேண்டும். மாணவி ஒருத்தி பேச்சின் நடுவில் மனப்பாடம் மறந்து நின்றாள். சற்று நேரத்தில், மனப்பாடத்தைக் கைவிட்டு, தன் பாட்டி தோட்டப்புறத்தில் பால் மரம் சீவிய கதையைத் தன் சொந்தச் சொற்களில் கூறி முடித்தாள். அன்று முழுமையும் நாம் கேட்ட தமிழில் உயிருள்ள தமிழ் அதுவே. புள்ளித் தாளில் மனனத்துக்கு ஒரு கட்டமிருந்தது, உச்சரிப்புக்கு ஒன்று, மெய்ப்பாட்டுக்கு ஒன்று. அவள் செய்ததற்குக் கட்டமில்லை. தாள் கூறியபடி புள்ளியைக் குறைத்தோம். அடுத்த ஆண்டு அவள் பெயர் கொடுக்கவில்லை.

ஆகவே, போட்டிச் சுற்றறிக்கையை அச்சிடுமுன் ஆசிரியர்களாகிய நாம் மூன்று வினாக்களை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். மாணவர் பேசுவது அவர் எண்ணியதா, நாம் எழுதிக் கொடுத்ததா? வீட்டில் தமிழ் புழங்காத பிள்ளைக்கும் இப்போட்டியில் ஒரு வாயில் உண்டா? நம் புள்ளித் தாளில் இடமில்லாத திறன் எது? மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல்: பரிசு கிட்டாத நாளில், குறை உங்களிடம் மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். அளவுகோலையும் உற்றுநோக்குங்கள். உழைப்பை மட்டும் கைவிடாதீர்கள்.

அளவுகோல்கள் மாறக்கூடியவையே. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில், அதே அட்லாண்டிக் சிட்டியில், தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த நீனா தாவுலூரி இந்திய நடனம் ஆடி அமெரிக்க அழகுராணியானார். இணையத்தில் அவரை இகழ்ந்தோரும் இருந்தனர். ஆயினும் அவர் ஆடியது பெரிய மண்டபத்துக்குள்ளே. 2018இல் நீச்சலுடைச் சுற்றும் கைவிடப்பட்டது. வெளியே நின்றவர்கள் வினா எழுப்பியபின் இம்மாற்றங்களுக்கு அங்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. நம் புள்ளித் தாளில் ஒரு கட்டத்தைச் சேர்க்க அத்தனை காலம் வேண்டியதில்லை. அடுத்த சுற்றறிக்கை போதும்.