பரிசிலர் விடைகொண்ட நெறி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒருவரிடம் பணியில் அமர்வது எப்படி என்று சொல்லும் நூல்கள் தமிழில் பல உண்டு. பணியை விட்டு நீங்குவது எப்படி என்று அறிய விழைவோர் புறநானூற்றைத்தான் நாடவேண்டும். அத்தொகையின் நானூறு பாடல்களுள் வீரத்தையும் கொடையையும் பாடுவனவற்றையே பாடநூல்களும் மேடைகளும் பெரிதும் எடுத்தாண்டு வந்துள்ளன. தகுதியறிந்து நடத்தத் தெரியாத தலைவனின் வாயிலைக் கடந்து புலவர் வெளியேறிய பாடல்களும் அங்கே இருக்கின்றன. அவற்றை ஒருசேர வைத்து நோக்குவதே இவ்வுரையின் பொருள்.

சங்கப் புலவர் மாத ஊதியம் பெற்ற ஊழியர் அல்லர். ஆயினும் அவர்தம் அடுப்பு எரிவது தலைவன் ஒருவனின் மனத்தைப் பொறுத்திருந்தது. அவ்வகையில் அவர்கள் நிலை இன்றைய பணியாளர் நிலைக்கு அயலானது அன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், பாடாண் துறைகளை வகுக்கும்போது, பரிசில் பெற்றபின் கொள்ளும் விடை இருவகைப்படும் என்கிறது. தலைவன் விடுப்பப் போதல் ஒன்று. பரிசிலர் தாமே போக விரும்பி விடைகேட்டல் மற்றொன்று என உரையாசிரியர் விளக்குவர். போகும் உரிமை பரிசிலர்க்கும் உண்டென்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டது. பரிசில் பெறாமலும், தந்ததை ஏற்க மறுத்தும் கொண்ட விடையைப் புறநானூறு அதற்கு மேலாகக் காட்டுகிறது.

வரிசை அறியாமை

புலவர்கள் எத்தகைய தலைவனை விட்டு நீங்கினர்? கொடியவனைப் பற்றிய பேச்சு இங்கு எழவில்லை. கொடியவன் தீமையை அறிந்தே செய்கிறான். இப்பாடல்களில் வரும் தலைவர்கள் பெரும்பாலும் தீயவர் அல்லர், அறியாதவர். எதனை அறியாதவர் என்பதைக் கபிலர் தெளிவாக்குகிறார். மலையமான் திருமுடிக்காரியை நோக்கி அவர் பாடிய 121ஆம் பாடலின் கருத்து இது: நான்கு திசையிலிருந்தும் பரிசிலர் வருவர், அவர்க்குக் கொடுத்தல் எளிது, அவரவர் தரத்தை அறிதலே அரிது, ஆதலின் புலவர் எல்லோரையும் ஒன்றுபோல் பார்ப்பதை நீ விட்டுவிட வேண்டும்.

காரி வள்ளன்மையில் பெயர் பெற்றவன். அவனிடத்தே கபிலர் கண்ட குறை கை சுருங்கியது அன்று, கண் சுருங்கியது. பணியிடத்தில் தேர்ந்தவரையும் தேராதவரையும் ஒரே வரியில் நிறுத்திவிட்டு, அதனை நடுநிலைமை என்று எண்ணி மகிழும் மேலாளர் இன்றும் உளர். அவர்க்கும் இப்பாடல் பொருந்தும்.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய 184ஆம் பாடல் இவ்வறியாமையின் விளைவைக் கணக்கிட்டே காட்டுகிறது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால், ஒரு மாவுக்கும் குறைந்த நிலம் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் புகுந்தால் நூறு செய் இருந்தாலும், வாயில் புகுவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவதே மிகுதி. வழியறியாத அரசனும், தரம் அறியாது அவனுக்கு ஆமாம் போடும் சுற்றமும் கூடிய நாடும் அவ்வாறே கெடும் என்பது புலவர் கருத்து. யானைக்கு வயலின்மேல் பகை எதுவும் இல்லை. அதன் பசி நியாயமானது. அதன் நடைதான் அழிவு. திறனற்ற தலைமையின் இயல்பை இதனினும் நுட்பமாக உணர்த்துவது கடினம். அத்தகையவனைச் சுற்றி நிற்போரும் அவ்வழிவில் பங்குடையர் என்று பிசிராந்தையார் சேர்த்தே சொன்னதும் மறக்கத்தக்கது அன்று.

சொல்லிப் பிரிதல்

திறனற்ற தலைவனைக் கண்டவுடன் விட்டு ஓடிவிடுக என்று தமிழ் நூல்கள் கூறவில்லை. திருக்குறளின் 64ஆம் அதிகாரமாகிய 'அமைச்சு', தானும் அறியாதவனாய், அறிந்தவர் சொல்லையும் அழிப்பவனாய் அரசன் இருப்பினும், அருகிருப்பவன் உறுதியானதைச் சொல்லுதல் கடமை என்கிறது. முதற்கடன் சொல்லுதல், பிரிதல் அதற்குப் பின்னரே.

சொல்லிப் பிரிந்தவர்க்குச் சான்றாக ஆவூர் மூலங்கிழாரைக் கொள்ளலாம். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் அவர்க்குப் பரிசில் தராது காலம் நீட்டித்தான். 196ஆம் பாடலில் அவர் அவன் முகத்துக்கு நேரே நிறுத்திச் சொல்லும் முறை இது: இயன்றதைத் தருக, இயலாததை இல்லை என்க, இவ்விரண்டும் நல்லோர் செயலே. இயலாததை இயலும் என்பதும், இயலுவதை இல்லை என்பதும் இரப்பவரை வாட்டுவதோடு, புரப்பவரின் புகழையும் குறைக்கும்.

இதோ தருகிறேன், நாளை பார்க்கலாம், அடுத்த ஆண்டு ஆகட்டும் என்று பதவி உயர்வையோ ஊதிய உயர்வையோ இழுத்தடிக்கும் அலுவலகங்களுக்கு இவ்விலக்கணத்தைச் சட்டமிட்டு மாட்டலாம். மறுத்தலையும் நல்லோர் செயலில் அடக்கியது புலவரின் பெருந்தன்மை. அவர் வெறுத்தது மறுப்பை அன்று. முடிவெடுக்கத் தெரியாத தடுமாற்றத்தை.

பாடலின் முடிவு இன்னும் சிறந்தது. உன் புதல்வர் நோயின்றி வாழ்க என்று வாழ்த்துகிறார். வெயிலுக்கும் பனிக்கும் அஞ்சாது, வறுமை கல்போல் இறுகிக் கிடக்கும் தம் இல்லத்தையும், அங்கே காத்திருக்கும் மனைவியையும் நினைந்து போகிறேன் என்கிறார். உன் வாழ்நாள் சிறக்க என்று முடிக்கிறார். குறை முழுவதும் சொல்லப்பட்டுவிட்டது. வசை ஒன்றும் இல்லை. பணிவிலகல் மடல் எழுதுவோர் கற்றுக்கொள்ளத்தக்க முறை இது.

தொழிலே துணை

ஔவையாரின் 206ஆம் பாடல் வாயிற்காவலனை விளித்துப் பாடப்பட்டது. பரிசிலை நீட்டித்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் தன்னை அறியவில்லையா, அன்றித் தம்மை அறியவில்லையா என்று ஔவையார் வினவுகிறார். அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வறிதாகிவிடவில்லை என்கிறார். யாழையும் பிற கருவிகளையும் கட்டி எடுத்தாயிற்று என்கிறார். கைத்திறன் வாய்ந்த தச்சன் மக்கள் கோடரியோடு காட்டுக்குள் புகுந்தால் எத்திசையில் மரம் இல்லை? கலையுடையார்க்கும் எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்பது அவர் துணிவு.

இங்கே தச்சரை உவமையாக்கியது கருதத்தக்கது. கலையைக் கைத்தொழிலுக்கு இணையாக வைத்துப் பேசுவதில் ஔவையார்க்குக் கூச்சம் இல்லை. சோறு அதியமான் வாயிலில் இல்லை, தம் கையில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். இதே ஔவையார்தான் அதியமானைப் பல பாடல்களில் போற்றினார். அவன் இறந்தபோது 235ஆம் பாடலில் கையற்றுப் புலம்பினார். நல்ல தலைவனும் ஒருநாள் அறியாமையால் பிழைபடலாம். அந்நாளில் வாயிலைக் கடப்பது நட்பைத் துறப்பது ஆகாது.

பசியும் மறுப்பும்

இதுவரை கண்டவற்றைப் பெருமிதம் என்று சொல்லிப் பாராட்டிவிட்டு அமர்ந்துவிடலாம். அவ்வாறு அமரவிடாத புலவர் ஒருவர் உளர், அவர் பெருஞ்சித்திரனார்.

வெளிமானை நாடிச் சென்ற அவர்க்குப் பரிசில் தருமாறு வெளிமான் தன் தம்பி இளவெளிமானிடம் பொறுப்பை விட்டான். தம்பி சிறிதே தந்தான். தகுதியால் வந்த பொறுப்பன்று, பிறப்பால் வந்த பொறுப்பு. அதன் அளவே கொடையின் அளவாயிற்று. புலவர் அதனைக் கொள்ளவில்லை. விரும்பிப் பாராத முகத்தின்முன் நின்று, கைக்கு வாராத வன்கனிக்காக எவர் சுழன்று திரிவர், உலகம் பெரிது என்று 207ஆம் பாடலில் தம் நெஞ்சுக்குச் சொல்லி எழுந்தார். முதிரமலைக் குமணனிடம் சென்று யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் அதனைக் கட்டிவிட்டு, இரப்போர்க்கு ஈவோரும் உண்டு என்பதை நேரில் காட்டிப் பாடியது 162ஆம் பாடல். அதியமான் தம்மைக் காணாமலேயே பரிசிலை அனுப்பியபோதும், பொருளுக்காக வந்த வணிகன் தாம் அல்லர் என்று மறுத்தார். தரமறிந்து தந்தால் தினையளவும் இனிது என்பது 208ஆம் பாடலின் முடிபு.

இப்புலவரின் வீட்டில் என்ன இருந்தது? 159, 160ஆம் பாடல்கள் அதனை மறைக்கவில்லை. கோலூன்றி முற்றத்தளவும் நடக்கமாட்டாத, சாவு வாராதா என்று நொந்துகொள்ளும் முதிய தாய். பல பிள்ளைகளைப் பெற்று மெலிந்து, முன்பே கொய்த குப்பைக்கீரையில் மீண்டும் தளிர்த்ததைக் கொய்து, உப்பின்றி வேகவைக்கும் மனைவி. வெறும் கலங்களைத் திறந்து பார்த்து அழும் சிறுவன். அவனுக்குப் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் ஆற்ற முயலும் தாய். இவ்வறுமையைச் சொல்லும் 159ஆம் பாடலிலேதான், மலைபோன்ற களிறாயினும் மனமின்றித் தந்தால் கொள்ளேன். உவந்து தந்தால் குன்றிமணி அளவாயினும் கொள்வேன் என்று நிபந்தனை விதிக்கிறார்.

பெருஞ்சித்திரனாரின் மறுப்பு வயிறு நிறைந்தவரின் வீம்பு அன்று. மறுப்பின் விலையைச் செலுத்துபவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதும் அவர்க்குத் தெரியும். அதனை அறிந்தும் மறுத்தார். மறுத்தபின் அவ்வீட்டைப் பாட்டில் மறைக்காது வைத்தார். குமணனிடம் பெற்ற செல்வத்தை மனைவியிடம் தந்து, யார் எவர் என்று பாராமல், தம்மையும் கேளாமல் எல்லோர்க்கும் கொடு என்று சொன்ன 163ஆம் பாடல், அவள் பட்ட துயருக்கு அவர் செலுத்திய மரியாதை எனலாம்.

இன்றைய வாயில்கள்

அக்காலத்தில் மூவேந்தரும் குறுநில மன்னரும் பலர் இருந்தனர். ஒரு வாயில் அடைத்தால் மறுவாயிலுக்கு நடக்கலாம். இன்றோ வீட்டுக்கடன், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகியவை பணியாளரின் காலைப் பிணித்துள்ளன. ஐம்பது வயதில் பணியை விட்டவர்க்கு அடுத்த பணி எளிதில் அமைவதில்லை. பெண் பணியாளர்க்கோ, விலகினால் வீட்டிலேயே இருந்துவிடலாமே என்னும் அறிவுரை வீட்டுக்குள்ளிருந்தே வரும். குமணன் எல்லோர்க்கும் கிடைப்பதில்லை. ஆகவே இப்பாடல்களைக் காட்டி, விலகாதவர் அனைவரையும் மானமற்றோர் என்பது பெருந்தவறு. உப்பில்லாக் கீரையை வேகவைத்தவளைக் கேளாது அத்தீர்ப்பை வழங்க எவர்க்கும் உரிமை இல்லை.

ஆயினும், இருப்பவர்க்கும் இப்பாடல்கள் துணை நிற்கும். தலைவனின் அறியாமையைத் தன் தகுதியின் அளவாகக் கொள்ளாதிருத்தலே அத்துணை. ஔவையாரின் வினா இரண்டையும் நாள்தோறும் தமக்குள் கேட்டுக்கொள்பவர், நாற்காலியில் இருந்தவாறே வாயிலைப் பாதி கடந்தவர் ஆவர்.

இறுதியாக, இவ்வவைக்கே உரிய ஒன்று. பகலில் அலுவலகத்தில் பெயரின்றி இருந்தவர் மாலையில் கவிஞராக மதிக்கப்பெறும் இடமாகப் பத்தாண்டுகளாக இவ்வட்டம் விளங்கிவருகிறது. அம்மதிப்பே இதன் பெரும்பணி. பத்தாண்டு கடந்த அமைப்பு தானும் ஒரு வாயிலாகிவிடுகிறது. அன்று இளங்கவிஞராக வந்தவர் சிலர் இன்று துறைத்தலைவராகவும், பிரிவு அதிகாரியாகவும், மலர்க்குழுவினராகவும் உள்ளனர். முதல் கவிதையோடு தயங்கி வருபவரைப் பாராமலே பாராட்டி அனுப்புவது, காணாது தந்த பரிசில். எல்லோர்க்கும் ஒரே சொல்லில் நன்று என்பது, கபிலர் விலக்கிய பொதுப்பார்வை. அடுத்த இதழில் பார்க்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்வது, நன்மாறன் நீட்டித்த நாள்.

பெருஞ்சித்திரனார் எழுந்து சென்ற கதையைப் போற்றுவது எளிது. தம் முன்னிலையிலிருந்து எவரும் அவ்வாறு எழுந்து போக நேராமல் காத்தலே அரிது. அவ்வரிய பணியில் வட்டம் மேலும் பல்லாண்டு சிறக்க.