லிஃப்ட் பட்டனை அவன் அழுத்தட்டும்

(ஏப்ரல் மாத சங்கக் கூட்டத்தில் ‘சி’ பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் சார் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 2ஆம் தேதியை உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐ.நா. சபை 2007இல் அறிவித்தது. ஆட்டிசம் என்றால் என்ன என்பதை டாக்டர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நாம் எல்லோரும் ஒரே காம்பவுண்டுக்குள் சேர்ந்து வாழ்வதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

என் மகனை உங்களுக்குத் தெரியும். பதினொரு வயது. காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்ப்பான். பல் தேய்ப்பது, குளியல், இட்லி, வேன், பள்ளி, தெரபி என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசைதான் அவனுக்குத் தைரியம். வேன் வராத நாளில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஆட்டோ படத்தை வைக்க வேண்டும். வைக்காமல் கிளம்பினால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான். அதை அடம் என்று நினைக்காதீர்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பயம் அது.

லிஃப்டில் பட்டனை அவன்தான் அழுத்த வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டால் கத்துவான். இரண்டு விநாடி பொறுத்தால் போதும், எல்லோரும் நிம்மதியாக மேலே போகலாம். நான்காவது மாடி மாமி ஒருவர், “வாடா ராஜா, நீ அழுத்து” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எந்தப் புத்தகத்தையும் படித்துவிட்டு அவர் அப்படிச் செய்யவில்லை. கவனித்துப் பார்த்தார், புரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டால் அவனும் “சாப்பிட்டியா?” என்பான். கேலி செய்கிறான் என்று நினைக்க வேண்டாம். கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் அவனுக்கு வரும் பேச்சு. “இட்லி சாப்பிட்டியா, தோசை சாப்பிட்டியா?” என்று கேட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பதில் வரலாம். முகத்தைப் பார்க்காவிட்டாலும் காது உங்கள் பக்கம்தான் இருக்கும். அதனால் அவன் எதிரிலேயே என்னிடம், “இது எப்போ சரியாகும்?” என்று கேட்காதீர்கள். இது காய்ச்சல் மாதிரி வந்து போவதல்ல. பயிற்சியால் நிறையக் கற்றுக்கொள்வான், கற்றுக்கொண்டும் இருக்கிறான். போன வருஷம் தானாகச் சட்டை பட்டன் போடக் கற்றுக்கொண்டான். எங்கள் வீட்டில் அன்று பாயசம்.

என் மகளுக்கு எட்டு வயது. “உன் அண்ணன் லூசா?” என்று விளையாட்டுத் திடலில் ஒரு குழந்தை கேட்டிருக்கிறது. கேட்ட குழந்தை மேல் எனக்கு வருத்தம் இல்லை. குழந்தைகள் நாம் வீட்டில் பேசுவதைத்தான் வெளியில் பேசும். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிள்ளைகளிடம் இதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுங்கள்.

சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள்.

முதலாவது, சம்ப் மூடிகளுக்குப் பூட்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. கண் அசந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவதும் உண்டு. தண்ணீர் லாரி வந்து போன பிறகு ‘பி’ பிளாக் சம்ப் மூடி திறந்தே கிடந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பூட்டுப் போட்டால் அது எல்லா வீட்டுக் குழந்தைக்கும் பாதுகாப்பு. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிகளிடம் அவன் போட்டோவும் எங்கள் போன் நம்பரும் கொடுத்திருக்கிறேன். ஷிப்ட் ஆள் மாறும்போது அதையும் சொல்லிக் கைமாற்ற வேண்டும்.

இரண்டாவது, சத்தம். ஜெனரேட்டர் சோதனை, டிரில்லிங் வேலை என்றால் முதல் நாளே குரூப்பில் போடுங்கள். காதில் மாட்டும் கருவியைத் தயாராக வைத்துக்கொள்வோம். தீபாவளிக்குத் தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வகுத்திருக்கிறது. அதற்குள் வெடியுங்கள், மற்ற நேரம் வேண்டாம். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உங்களை வாழ்த்துவார்கள்.

மூன்றாவது, அழைப்பு. பொங்கல் விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் எங்களைக் கூப்பிடுங்கள். “பாவம், அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்” என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். வருவதா, அரை மணியில் கிளம்புவதா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இளம் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று தள்ளிப்போடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. ஆட்டிசத்தை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. நேஷனல் டிரஸ்டின் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. எதற்கும் முதலில் சான்றிதழ் வேண்டும். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அதை வாங்காமல் இருக்காதீர்கள்.

பதினெட்டு வயது ஆனதும், தேவைப்பட்டால் சட்டப்படி காப்பாளர் நியமிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காகிதத்தில் அதைச் செய்துவிடுவோம். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு எங்கள் இருவருக்கும் வரும் கேள்வி வேறு. எங்களுக்குப் பிறகு இவனை யாருக்குத் தெரியும்? இவன் பசியை, பயத்தை, சிரிப்பை யார் அடையாளம் கண்டுகொள்வார்கள்?

அந்தப் பொறுப்பை உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. அவனைத் தெரிந்தவர்கள் நாலு பேர் அதிகமானால் எங்களுக்குத் தூக்கம் வரும். வழியில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பத்து முறை பதில் சொல்ல மாட்டான். பதினோராவது முறையும் கூப்பிடுங்கள்.