பட்டுத்தறியும் பள்ளிக்கூடமும்



காஞ்சிப் பட்டின் புகழை அனைவரும் அறிவோம். அதனை நெய்யும் குடும்பங்களின் நிலையை இன்று எண்ணிப் பார்ப்போம்.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் உள்ளது. சேலையின் உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடல் இழையும் கரை இழையும் ஒன்றோடொன்று கோக்கப்படுவதால் இணைப்பு உறுதியாக அமைகின்றது. இவ்வேலைக்கு நெய்பவருடன் துணைக்கு இன்னொருவர் வேண்டும். நெடுங்காலமாக அத்துணை பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையே. தந்தை பெற்ற முன்பணத்திற்காகப் பிள்ளை தறியில் அமர்ந்தது. பள்ளியில் அதன் இடம் வெறுமையாயிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலும், குழந்தைத் தொழிலைத் தடுக்க 1986இலும் சட்டங்கள் பிறந்தன.

பிள்ளைகள் படிக்கச் சென்றதால்தான் பட்டுத்தொழில் நலிந்தது என்று சிலர் கூறுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. நலிவின் காரணங்கள் வேறு. பட்டுநூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. வெள்ளி, தங்கத்தின் விலை ஏறினால் ஜரிகையின் விலையும் ஏறுகின்றது. நெசவாளர் கூலி அவ்வாறு ஏறுவதில்லை. விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகின்றது. மாதச் சம்பளம் தரும் ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளை இளைஞர் நாடுவதில் வியப்பென்ன?

இனிச் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, கூலி உயர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் நூலையும் ஜரிகையையும் நியாய விலையில் தந்து, சேலைக்கு உரிய பணத்தைத் தாமதமின்றி வழங்குமாயின் முன்பணக் கட்டு அறும். இரண்டாவது, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மல்பெரிச் சாகுபடி பெருக வேண்டும். மூன்றாவது, சில சேலை வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும், காஞ்சிப் பட்டு 2005இல் பெற்ற புவிசார் குறியீடும் ஏட்டளவில் நில்லாது கடைத்தெருவில் செயற்பட வேண்டும். நான்காவது, துணைக்கு அமர்பவர் உரிய கூலி பெறும் வயதுவந்தவராக இருத்தல் வேண்டும். அவ்வேலையை எளிதாக்கும் கருவிகளும் வேண்டும்.

இளைஞர்களே! தொழிலைப் பிறப்பால் விதிக்கும் முறையை அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் கடுமையாகக் கண்டித்தார். ஆகவே தந்தையின் தறி மகனுக்கு விலங்காகக் கூடாது; விரும்பிக் கற்க வருவோர் எவருக்கும் அது மூடிய கதவாகவும் இருத்தல் கூடாது. சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் நம் பிள்ளைகளும் சேர்ந்து பயில வேண்டும். வடிவமைப்பும் சாயமும் கணக்கும் விற்பனையும் கற்றவர் தறிக்கு வந்தால், அவர் கூலிக்கு மட்டும் கைநீட்டி நிற்கமாட்டார். விலையை வகுக்கும் இடத்திலும் அமர்வார்.

பட்டுத்தொழில் வாழ வேண்டும். பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுத்தன்று. படித்த பிள்ளை தானே விரும்பி வந்து அமரும் தறியே நிலைக்கும். அதற்கு உழைப்போம் என்று இவ்வெள்ளிவிழா நாளில் உறுதி கொள்வோம்.