பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீங்க!



கையில் ஸ்மார்ட்போன் இருக்கு. பட்டா, சான்றிதழ் எல்லாம் அதிலேயே பார்த்துக்கிறோம். ஆனால் பிள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பம் போடணும், பயோடேட்டா அடிக்கணும்னா பெரிய திரை தேவைப்படுது. அப்போதான் பீரோ மேல் தூசி படிஞ்சு கிடக்கிற லேப்டாப் நினைவுக்கு வரும்.

அதில் விண்டோஸ் 10 இருந்தால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது. பல பழைய லேப்டாப்புகளில் அது கிடையாது. "அப்போ புதுசு வாங்கணுமா?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீங்க.

லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை இலவசமாகப் பதிவிறக்கலாம். கீழே இடது மூலையில் மெனு, அதில் வரிசையாகச் செயலிகள் என்று, விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. கடிதம் அடிக்க லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ் இரண்டும் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. குறைந்தது 2 ஜிபி ராம் போதும். 4 ஜிபி இருந்தால் வசதி. லேப்டாப் ரொம்பப் பழசு என்றால் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பை எடுங்கள்.

ஆனால் இலவசம் என்பதற்காக உடனே மாற்றிவிடாதீர்கள். முதலில் ஒத்திகை பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது மட்டும் அழிந்துவிடும்; அதனால் காலியானதை எடுங்கள்.

ஒத்திகையில் உங்கள் வேலையைச் செய்து பாருங்கள். வைஃபை கிடைக்குதா? பிரிண்டர் ஓடுதா? ஸ்கேன் வருதா? விண்ணப்பத் தளம் திறக்குதா? பென்டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், கவலை வேண்டாம். கடைக் கணக்குக்கு டேலி, வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். விண்டோஸுக்கென்று எழுதிய மென்பொருள் இதில் நேரடியாக ஓடாது. அவர்கள் விண்டோஸையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மின்ட்டை நிறுவலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும்போது 'வட்டை அழி' என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்தினால் கல்யாணப் போட்டோ, பத்திர நகல், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் போய்விடும். அதனால் முந்தின நாளே எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து, அது திறக்குதான்னு பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையோ பக்கத்து வீட்டுத் தம்பியோ முதல் ஒரு வாரம் கூட இருந்தால் பயம் போய்விடும். அவங்க உபுண்டு பழகியவர்கள் என்றால் அதையே போடுங்கள், தப்பில்லை. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும் இயங்குதளமே நமக்குச் சுலபமான இயங்குதளம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டுங்கள்.